திண்ம எரிபொருள் ரொக்கெட்: விளக்கும்போது விடக்கூடாத பிழைகள்

திருகோணமலைப் பாடசாலைக் கண்காட்சிகளுக்குப் பிள்ளைகள் ஆசையாக ரொக்கெட் மாதிரி செய்வார்கள். மாதிரி நன்றாக வந்துவிடும். விளக்கத்தில்தான் பிழை விடுவார்கள்.

முதலில் படம். உள்ளே எரிபொருளைக் கட்டியாக நிரப்பி, ஊதுபத்தி போல ஒரு நுனியிலிருந்து எரிவதாக வரையக்கூடாது. செய்மதி ஏவும் பெரிய ரொக்கெட் மோட்டர்களில், அதாவது எரிபொருள் நிரப்பிய குழாய்களில், எரிபொருளின் நடுவே நீளமாக ஒரு துவாரம் இருக்கும். அதன் சுவரில் தீ பற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக எரியும். எரியும் மேற்பரப்பு கூடினால் உந்துவிசையும் கூடும். ஆகவே எந்த நேரத்தில் எவ்வளவு உந்துவிசை வேண்டும் என்று பார்த்து, துவாரத்தை நட்சத்திர வடிவிலும் வேறு வடிவங்களிலும் வார்ப்பார்கள். எரிபொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆபத்து: தீக்குப் புது மேற்பரப்பு கிடைத்து, அமுக்கம் ஏறி, மோட்டரே வெடிக்கலாம். ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒட்சிசன் காற்றிலிருந்து வருகிறது என்று எழுதவே வேண்டாம். கலவையின் பெரும்பங்கான அமோனியம் பேர்குளோரேற்றுதான் அதைத் தருகிறது. அலுமினியத் தூளும், எல்லாவற்றையும் பிணைக்கும் இறப்பரும் எரிபொருள்.

பற்றவைத்தால் இடையில் அணைக்க முடியாது. 1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் 73ஆவது செக்கனில் சிதறிய பிறகும் அதன் இரண்டு திண்ம மோட்டர்களும் பறந்துகொண்டே இருந்தன. தரையிலிருந்து கட்டளை அனுப்பித்தான் அவற்றை அழித்தார்கள்.

அதற்காகத் திண்மத்தை மட்டமாகவும் பேச வேண்டாம். 1980இல் ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் விட்ட இந்திய ரொக்கெட் எஸ்.எல்.வி.-3இன் நான்கு கட்டங்களும், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எரியும் பகுதிகளும், திண்மம். இந்தியாவின் இன்னொரு ரொக்கெட்டான பி.எஸ்.எல்.வி. முழுவதும் திண்மம் என்பதும் பிழை: முதலாம், மூன்றாம் கட்டங்கள் மட்டுமே. கடைசிக் கட்டம் திரவம். வேண்டிய வேகம் வந்ததும் அதை நிறுத்தலாம். நம் நாட்டுச் செய்மதி ராவணா-1ஐ 2019இல் கொண்டுபோன அமெரிக்காவின் அன்ரறிஸ் ரொக்கெட்டின் இரண்டாம் கட்டமும் திண்மம்தான். இலங்கைப் பிள்ளைகள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இந்தியாவிலிருந்து தெற்கே போகும் பி.எஸ்.எல்.வி. நம் தலைக்கு மேலால் போகிறது என்பதும் பிழை. இலங்கையைத் தவிர்க்கப் பாதையை வளைத்தே போகிறது.

எல்லாவற்றிலும் பாரதூரமான பிழை, தீக்குச்சி மருந்தையோ பட்டாசு மருந்தையோ குழாயில் அடைத்துப் பார்ப்பது. 2003 ஆகஸ்ட் 22இல் பிரேசிலின் அல்கன்ராறா ஏவுதளத்தில் ஒரு திண்ம மோட்டர் எதிர்பாராமல் பற்றி 21 பேர் இறந்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் அவர்கள். பறக்கவிட்டுக் காட்ட ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்ரிக் போத்தல், தண்ணீர், சைக்கிள் பம்ப் போதும். பக்கத்தில் ஆசிரியர் நிற்கட்டும்.