இங்கிலாந்தில் கிராமத்து வீட்டுக்குக் கன்சர்வேட்டரி: பிளானிங் பெர்மிஷன் வாங்குவது எப்படி?

வீட்டின் பின்பக்கம் கண்ணாடி அறை ஒன்று கட்டித் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்று ஆசைப்படாதவர்கள் குறைவு. விற்பனைக்கு வருபவர், "கன்சர்வேட்டரிக்கு அனுமதியே தேவையில்லை" என்பார். பல வீடுகளுக்கு அது உண்மைதான். ஆனால் கிராமத்து வீடு என்றால் அதை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கீழே இருப்பது இங்கிலாந்துக்கான விதி. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

படி 1: வீட்டின் ஜாதகத்தைப் பாருங்கள்

அளவு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, அந்த வீட்டுக்கு இதுவரை கொடுத்த அனுமதிகளைத் தேடுங்கள். பழைய களஞ்சியத்தை வீடாக மாற்றியிருந்தால், அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். "இனி எந்த விரிவாக்கமும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது" என்ற வரி அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். பண்ணைக் கட்டடத்தை கிளாஸ் கியூ என்ற வழியில் வீடாக்கியிருந்தால், தனி அனுமதி வாங்காமல் விரிவாக்கும் பொது உரிமை முதலிலிருந்தே கிடையாது.

வீடு லிஸ்டட் கட்டடமா, அதாவது வரலாற்று மதிப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதா என்பதையும் பாருங்கள். ஆம் என்றால் தனியாக லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் அதை வாங்காமல் கட்டுவது கிரிமினல் குற்றம்.

படி 2: அனுமதி தேவையா என்று கணக்குப் பாருங்கள்

தடை எதுவும் இல்லையென்றால், பெர்மிட்டட் டெவலப்மென்ட் விதிக்குள், அதாவது விண்ணப்பிக்காமலே கட்டலாம் என்று சட்டம் விடும் அளவுகளுக்குள், வந்தாலே போதும். பின்பக்கம் கட்டுவதானால், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரை நீட்டலாம். ஒட்டிய வீடுகளுக்கு 3 மீட்டர். உயரம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரை விளிம்பின் உயரம் 3 மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கவாட்டில் கட்டினால் அகலம் மூல வீட்டின் அகலத்தில் பாதிக்குள். ஆனால் தேசியப் பூங்கா, கன்சர்வேஷன் ஏரியா (பழைய தோற்றத்துக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி) போன்ற இடங்களில் பக்கவாட்டில் கட்ட அனுமதி கட்டாயம்.

அளவு தொடங்குவது 'மூல வீட்டின்' சுவரிலிருந்து. 1948 ஜூலை 1 அன்று இருந்த வீடுதான் மூல வீடு. அதற்குப் பின் கட்டியது என்றால் கட்டியபோது இருந்தபடி. முந்தைய உரிமையாளர் 1980களில் பின்னால் ஒரு சமையலறை சேர்த்திருந்தால், அதுவும் உங்கள் 4 மீட்டரில் கழியும். பலர் தவறவிடும் இடம் இது.

கணக்குச் சரியாக வந்தாலும் சட்டப்படியான சான்றிதழ் ஒன்றை, அதாவது லாஃபுல் டெவலப்மென்ட் சர்ட்டிஃபிகேட்டை, வாங்கிவிடுங்கள் என்பேன். விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான் ஆகும். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 3: வரைபடங்கள்

அனுமதி தேவை என்றால் விண்ணப்பத்துக்கு இருப்பிட வரைபடம் (1:1250, கிராமப்புறத்தில் 1:2500), மனை வரைபடம் (1:500 அல்லது 1:200), இப்போதைய தோற்றமும் வரப்போகும் தோற்றமும் காட்டும் படங்கள் (1:50 அல்லது 1:100) வேண்டும்.

இருப்பிட வரைபடத்தில் விண்ணப்பத்துக்குரிய இடத்தைச் சுற்றிப் போடும் சிவப்புக் கோட்டில் கவனம் தேவை. வீடும் அதன் தோட்டமும் மட்டுமே அதற்குள் வர வேண்டும். பின்னால் உள்ள குதிரை மேயும் நிலமும் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது தோட்டமல்ல. அதற்கு நீலக் கோடு போடுங்கள். கன்சர்வேட்டரியின் ஒரு மூலை அந்த நிலத்துக்குள் போனால், விண்ணப்பமே வேறு வகையாகிவிடும்.

படி 4: வௌவால்

பழைய ஓட்டுக் கூரையில் கை வைப்பதாக இருந்தால் கவுன்சில் வௌவால் ஆய்வு கேட்கலாம். வௌவால் தங்கும் இடத்தைக் குலைப்பது குற்றம். மாலையில் அவை வெளியே வருவதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே முதல் ஆய்வைச் சீக்கிரமே செய்யுங்கள்.

படி 5: விண்ணப்பம்

பிளானிங் போர்ட்டல் என்ற விண்ணப்ப இணையதளத்தில் 'ஹவுஸ்ஹோல்டர்' (வீட்டு உரிமையாளர்) விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது. பணம் செலுத்தும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டார், பாரிஷ் கவுன்சில் (கிராம அளவிலான மன்றம்) ஆகியோரின் கருத்துக்கு 21 நாள், முடிவுக்குப் பொதுவாக 8 வாரம். விண்ணப்பிக்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். கடிதத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொள்பவர்தான் எதிர்ப்புக் கடிதம் எழுதுவார்.

கிடைத்த அனுமதி பொதுவாக 3 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்கினால்தான் செல்லும். மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 12 வாரம் இருக்கிறது. அதற்கு முன் அதிகாரியின் அறிக்கையைப் படியுங்கள். அளவையோ கூரையின் சரிவையோ மாற்றினால் தீரும் காரணம் என்றால், திருத்தி மறுபடி விண்ணப்பிப்பதே எளிது.