ஆஸ்பத்திரில ஒரே கூட்டமா இருக்கேன்னு பயப்படுற முதல் தடவ அம்மாக்களுக்கு

செக்கப்புக்கு போனா உக்கார இடமில்ல, டாக்டர் நம்ம மூஞ்சிய பாக்குறதுக்குள்ள அடுத்த பேர கூப்பிடுறாங்க, இப்பவே இப்படின்னா வலி வந்த அன்னிக்கு யாரு நம்மள கவனிப்பாங்கன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராம கெடக்குறீங்களா, அந்த பயம் நியாயமானது தான். "எல்லாரும் பெத்துக்கலயா"ன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. கூட்டத்த நம்மால கொறைக்க முடியாது, ஆனா நமக்கு கெடைக்கிற அஞ்சு நிமிஷத்த வீணாக்காம இருக்கலாம்.

அதுக்கு ஒரு நோட்டு போதும். சந்தேகம் வரும்போதே எழுதி வைங்க, ரொம்ப பயமுறுத்துற கேள்விய மேல எழுதி, உக்காந்த உடனே "மூணு கேள்வி இருக்கு டாக்டர்"னு சொல்லிடுங்க. பிபி, ஹீமோகுளோபின் எவ்ளோன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டு குறிச்சுக்கோங்க. பிபி 140/90 இல்ல அதுக்கு மேல போனாலும், ஹீமோகுளோபின் 11க்கு கீழ வந்தாலும் இதுக்கு என்ன பண்ணணும்னு கேக்காம எழுந்திரிக்காதீங்க. ரிப்போர்ட் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, நடுராத்திரி போனா அங்க ட்யூட்டில இருக்கவங்களுக்கு உங்கள தெரியாது, ஃபைல் தேடுற நேரம் மிச்சமாகும். உலக சுகாதார நிறுவனம் 2016ல சொன்னபடி கர்ப்ப காலத்துல கொறஞ்சது 8 தடவ பாக்கணும், அதனால ஒண்ணு தவறிட்டா அவங்களே கூப்பிடுவாங்கன்னு இருக்காம நீங்களே போய் அடுத்த தேதி வாங்கிடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், எதுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாதுன்னு மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குடம் உடையுறது, 37 வாரத்துக்கு முன்னாடியே விட்டு விட்டு வலி வர்றது. 20 வாரத்துக்கு அப்புறம் விடாத தலைவலி, கண்ணு மங்கல், மேல் வயித்துல வலி, திடீர்னு முகமும் கையும் வீங்குறது, இதெல்லாம் பிபி ஏறுறதோட அறிகுறியா இருக்கலாம். அப்புறம் குழந்தையோட அசைவு. கடைசி மாசம் உள்ள இடம் இல்லாததால அசைவு கொறையும்னு சொல்றாங்க பாருங்க, அது தப்பு, அத நம்பி யாரும் வீட்ல இருந்துடாதீங்க. வழக்கத்த விட கொறஞ்சா காலையில பாத்துக்கலாம்னு விடாம அப்பவே கிளம்புங்க.

அங்க போய் "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொன்னா கூட்டத்துல எடுபடாது. "34 வாரம், முதல் குழந்தை, மத்தியானத்துல இருந்து அசைவு கம்மி, இப்பவே பாக்கணும்"னு சொல்லுங்க. பாத்துட்டு அனுப்பினாலும் மறுபடி அதே மாதிரி ஆச்சுன்னா நேத்து தானே வந்தோம்னு கூச்சப்படாம திரும்ப போங்க.

பிரசவத்தப்போ கூட ஒரு ஆள் இருக்கலாமான்னு முன்னாடியே கேட்டுடுங்க. அம்மாவோ அக்காவோ வீட்டுக்காரரோ யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருந்தா சிசேரியன் ஆகுற வாய்ப்பு கொறையுதுன்னு ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க, நர்ஸ் பத்து பேர பாத்துட்டு இருக்கும்போது உங்களுக்காக வாய் திறந்து கேக்கவும் அவங்க வேணும். அந்த நோட்ட அவங்களும் படிச்சிருக்கணும்.

பயம் ரெண்டு வாரமா விடவே இல்ல, சாப்பாடு தூக்கம் எல்லாம் போச்சுன்னா அதையும் டாக்டர் கிட்ட சொல்லுங்க, அதுக்கும் சிகிச்சை இருக்கு. குழந்தை பொறந்த பிறகும் ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனையுதுன்னா உடனே சத்தம் போட்டு நர்ஸ கூப்பிடுங்க, வீட்டுக்கு வந்துட்டா அப்பவே திரும்ப ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.