சின்ன ஓட்டத்துக்குப் பழைய டீசல் எஸ்யூவி: டிப்ஸ்டிக்கில் நான் ஏமாந்த கதையோடு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளி 3 கிலோமீட்டர். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆலை ஆபீஸுக்குப் போக இன்னும் 5. சாயங்காலம் அதே வழி, நடுவில் சாமான் வாங்க இறங்கினால் உண்டு. இந்த ஓட்டத்துக்குப் போய் 2 டன் கனமுள்ள பழைய டீசல் எஸ்யூவி வாங்கினேன். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் மச்சானின் சின்னக் காடி (கார்) அடி தட்டி நின்ற அன்றே மனசு முடிவெடுத்துவிட்டது, மூளையை யாரும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அதிலிருந்து கற்றதைத்தான் எழுதுகிறேன். காடிக்கு விலை பேசுவது, லோன் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

1. காடியைப் பார்க்கும் முன் உங்கள் ஒரு வாரத்தைப் பாருங்கள்

ஒரு வாரம், ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளில், நிற்காமல் 20, 30 நிமிடம் நெடுஞ்சாலை வேகத்தில் போன ஓட்டம் ஒன்றாவது இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், புதுத் தலைமுறை டீசல் காடிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது நிறைந்ததும் எஞ்சின் தானாகவே டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டைக் கிட்டத்தட்ட 600 டிகிரி வரை ஏற்றி, கரியை எரித்துவிடும். இதற்கு நல்ல ஓட்டத்தில் கால்மணி நேரமாவது வேண்டும். நீங்களோ பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்கிறீர்கள். பாதியில் நின்றது மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும், கரி ஏறிக்கொண்டே போகும். 'நம் ஊர் வெயிலுக்கு எஞ்சின் சட்டென்று சூடாகிவிடும்' என்று என்னிடமும் சொன்னார்கள். டீசல் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். 3 கிலோமீட்டரில் சூடு காட்டும் ஊசி நடுவுக்குக்கூட வராது.

அந்த மாதிரி ஓட்டம் உங்கள் தாளில் இல்லையா? டிபிஎஃப் உள்ள காடியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் எஸ்யூவி பாருங்கள், இல்லாவிட்டால் வடிகட்டியே இல்லாத பழைய டீசல் பாருங்கள். இங்கே 2021 ஏப்ரலில்தான் கந்தகம் குறைந்த யூரோ 5 டீசல் நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் கந்தகம் கூடுதலான டீசல் ஓடிய காலத்தில் விற்ற எஸ்யூவி, பிக்கப் பலவற்றில் இந்த வடிகட்டி கிடையாது. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், விற்பவர் வாயை நம்பாமல் பட்டறையில் அடியில் புகுந்து பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டி இல்லை என்றாலும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி படியத்தான் செய்யும், ஆனால் அதைக் கழற்றிக் கழுவலாம், செலவு கையைக் கடிக்காது.

2. டீசல், பெட்ரோல் கணக்கு

'டீசல்தான் மலிவு' என்பது அப்பா காலத்துப் பேச்சு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஒரே நாளில் 3.35 ஆனது. அப்போது ரோன்95 பெட்ரோல் 2.05. மாதம் 600 கிலோமீட்டர் என்று வையுங்கள். 100 கிலோமீட்டருக்கு டீசல் எஸ்யூவி 9 லிட்டர் குடித்தால் 181 வெள்ளி, பெட்ரோல் எஸ்யூவி 12 லிட்டர் குடித்தாலும் 148 வெள்ளிதான். விலை பிறகு ஏறி இறங்கியிருக்கிறது, உங்கள் வார விலையைப் போட்டுப் பாருங்கள். தகுதி உள்ளவர்களுக்கு புடி மடானி என்ற அரசு உதவித் திட்டத்தில் மாதம் 200 வெள்ளி என்று அறிவித்தார்கள், அது கிடைத்தால் கணக்கு தலைகீழாகும். அதையும் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

3. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நில்லுங்கள்

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். காலை 10 மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். போனால் காடி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. "தம்பி, உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வைத்தேன்" என்றார் விற்றவர். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாடியே போய்விடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "பரவாயில்லை அண்ணே, நாளைக்குக் காலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். முகத்தாட்சண்யம் பார்த்தால் நம் பாக்கெட்தான் காலியாகும்.

ஆறிய எஞ்சினில் முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை, இழுங்கள். துடைத்து, திரும்பச் செருகி, இழுத்துப் பாருங்கள். எண்ணெய் கம்மியாக இருந்தால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்தபோது மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. 'அடடா, எவ்வளவு நிறைவாக ஊற்றி வைத்திருக்கிறார்' என்று சந்தோஷப்பட்டேன்! அதில் ஒரு பங்கு டீசல். கரியை எரிக்கப் பீய்ச்சும் டீசல், வேலை பாதியில் நிற்கிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் நீர்த்துப் போனால் பேரிங்கும் டர்போவும் தேயும். அதனால் டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள், டீசல் வாடை தெரியும். ஒரு சொட்டை இரு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுவழுப்பில்லாமல் தண்ணீர் மாதிரி ஓடும். கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், டீசல் எஞ்சினில் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அளவும் வாடையும்தான் முக்கியம்.

பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீங்கள் பின்னால் நில்லுங்கள். லேசாக வெள்ளைப் புகை வந்து மறைந்தால் சரி. நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. மிதித்ததும் கரும்புகை கக்கினால் இஜிஆர், டர்போ, இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று.

4. ஒரு டிஷ்யூ, ஒரு ஸ்கேனர்

எஞ்சினை அணைத்து, புகைக்குழாய் ஆறியதும் வெள்ளை டிஷ்யூவை உள்ளே விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் உள்ள காடி என்றால் டிஷ்யூ ஏறக்குறைய வெள்ளையாகவே வரவேண்டும். மைபோலக் கறுத்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லை யாரோ குடைந்து எடுத்திருக்கிறார்கள்.

ஸ்கேனர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புளூடூத் குட்டிக் கருவி மலிவு, விளக்கு ஏன் எரிகிறது என்று சொல்லும், அவ்வளவுதான். கரி எத்தனை சதவீதம், கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று பார்க்க அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வேண்டும். பட்டறைக்காரரை ஒரு மணி நேரம் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். எனக்கு விளக்கு எரிந்த பிறகு வடிகட்டியை எரித்துச் சுத்தம் பண்ணி, எண்ணெயும் மாற்ற 480 வெள்ளி ஆனது. அந்தக் கூலி அதில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா?

சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். வருஷத்துக்கு 6,000 மட்டும் ஓடியது என்று பெருமையாகச் சொன்னால், அது பள்ளிக்கூட ஓட்டமாகத்தான் இருக்கும், உஷார். தோட்டப் பாதையில் ஓடிய காடி என்றால் சேசிஸ் இடுக்கில் உரம் கலந்த செம்மண் அடைந்து துரு பிடித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பதை நெடுஞ்சாலையில் வையுங்கள். நான் இப்போதெல்லாம் கோலகங்சாரில் ஏறி, மெனோரா சுரங்கப்பாதை மேட்டைத் தாண்டி, ஈப்போ உத்தாராவில் இறங்குவேன். மேட்டில் மூச்சு வாங்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகும் அதே வழியில்தான் சனிக்கிழமை தோறும் போகிறேன், ஈப்போவில் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். வீட்டில் இதற்குப் பெயர் 'காடிக்கு வாக்கிங்'. எஞ்சின் எண்ணெயும் டிபிஎஃப்புக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த சி வகைதான் (டப்பாவில் ACEA C என்று இருக்கும்) ஊற்றுகிறேன், கிலோமீட்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன்.

பின்னால் சேர்த்தது: படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். காடி வாரக்கணக்கில் நின்றபின் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, டிபிஎஃப் விளக்கு இல்லை. இங்கே நாம் அடிக்கும் பி10 டீசலில் 10 சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெதில் எஸ்டர், நம் தோட்டத்துச் சரக்கேதான். அது ஈரத்தை இழுக்கும். டாங்கி பாதி காலியாக நின்றால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். டாங்கியை நிறைத்து வையுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும், கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள். பாட்டிலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஒருவர் பாட்டிலில் இரண்டு விரல் உயரம் இருந்ததாம்.