ஆட்டு வயிற்றை வைத்து நான்கு அறைகளைக் கற்பிக்கும் முறை

கறிக்கடைக்காரரிடம் முந்தைய நாளே சொல்லிவைப்பேன்: "வயிற்றைக் கீறாமல், கழுவாமல் அப்படியே கொடுங்கள்." முதலாண்டு கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் ஊறிய மாதிரியை முதலில் காட்டவே மாட்டேன்; விரல் உணர வேண்டிய எல்லாவற்றையும் அது விறைக்கச் செய்துவிடும்.

உணவுக்குழாய் முனையையும் சிறுகுடல் முனையையும் நூலால் இறுகக் கட்டுங்கள். உடலில் இருந்தபடியே, முதல் அறையான அசையூண் வயிறு இடப்பக்கம் வருமாறு மேசையில் கிடத்துங்கள். ஒவ்வோர் அறையாகத் திறந்து கழுவி, கையுறை அணிந்து, கண்ணை மூடித் தடவச் சொல்லுங்கள். முதல் அறை தேங்காய்ப்பூத் துவாலை போலிருக்கும். இரண்டாவது தேனடை. மூன்றாவதில் புத்தகத் தாள்களாக மடிப்புகள். இடையிடையே அரைபட்ட தழை ஒட்டியிருக்கும். நான்காவது வழுக்கும், அமிலம் சுரப்பது இது ஒன்றுதான். பால்குடிக் குட்டியின் வயிறு கிடைத்தால் விடாதீர்கள், அதில் இந்த நான்காவதுதான் பெரிது.

தேனடை அறையில் நிதானியுங்கள். மாடு விழுங்கும் கம்பி இங்கேதான் தங்குகிறது. முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். கம்பி குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நான் பேசுவதில்லை. சென்ற முறை ஒரு மாணவி அந்தச் சுவரை இரு விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்து, "இவ்வளவுதானா ஐயா கனம்?" என்றாள்.