பத்துக் கட்டம் நகராமல் இருக்க

தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்குத் தொடுதிரைப் பலகையில் 8 + 5 காட்டும்போது, வில்லையை (எண்ணுவதற்கான வட்டத் துண்டு) இழுத்தால், வில்லைகளை வைக்கப் பத்து இடங்கள் கொண்ட சட்டமான பத்துக் கட்டமும் சேர்ந்தே நகர்ந்தது. கட்டம் பூட்டப்படாததே காரணம். மணிக்கட்டு பட்டாலும் திரை அதையும் தொடுதலாக எடுத்துக்கொள்ளும்.

திரையில் இருந்த இரண்டு பத்துக் கட்டங்களையும் ‘லாக்’ செய்து, கைக்கு எட்டும்படி திரையின் கீழ்ப்பாதிக்கு இறக்கினேன். வில்லைகளைப் பெரிதாக்கினேன். அதைவிட முக்கியம், இழுக்க இழுக்க நகல் வரும் வசதியை அணைத்துவிட்டு, 8 சிவப்பு, 5 மஞ்சள் மட்டும் வைத்தது. நகல் வந்துகொண்டே இருந்தால் பிள்ளை புதிதாக 2 வில்லையை இழுத்துப் பத்தை நிரப்பிவிடும். 8-ஐப் பத்தாக்க 2, மீதி 3 என்று 5-ஐப் பிரிக்கவே பிரிக்காது. பாடத்தின் உயிரே அந்தப் பிரிப்புதான்.

திரையில் செய்வதற்கு முன்பு, மேசையில் நிஜ வில்லைகளை வைத்து ஒருமுறை செய்யவிடுங்கள். சிங்கப்பூர்க் கணிதத்தில் பொருள், படம், குறியீடு என்பதுதான் வரிசை. திரையில் இருப்பது படம்தான்.