குழந்தைகள் வளைத்த பழைய ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கைச் சரிசெய்ய

முதலில் ஆர்கேட் மெஷினின், அதாவது காசு போட்டு ஆடும் பெரிய வீடியோ கேம் மெஷினின், பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகும் பிக்சர் டியூப் பக்கம் கை போகக் கூடாது. அதில் தேங்கிய மின்சாரம் பலமாக ஷாக் அடிக்கும்.

ஜூஸ் கொட்டி ஒட்டிக்கொண்ட பட்டன் சுலபம்: ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் முடிந்தது.

ஜாய்ஸ்டிக்தான் பொறுமை கேட்கும். 1980 வாக்கில் வந்த பல மெஷின்களில் மைக்ரோஸ்விட்ச் (‘கிளிக்’ என்று அழுந்தும் சின்ன மூடிய ஸ்விட்ச்) கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பிள்ளைகள் தொங்கி இழுத்தால் தகடு வளைந்துவிடும். நோஸ் பிளையரால் தகட்டின் அடியில் பிடித்து, முனைகளுக்கு நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வரும்வரை மெல்ல வளையுங்கள். இடைவெளி குறைந்தால், ஸ்டிக்கில் நாம் கை வைக்காமலே ஆட்டம் நகரும். கூடினால் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் தகடுகள் தொடாது.

முனையில் அழுக்கா? உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டித் தாளை நடுவே வைத்து இழுங்கள். ஸ்டிக்கை நான்கு திசையிலும் தள்ளி, தகடுகள் தொடுவதை மல்டிமீட்டர் (மின் இணைப்பைச் சோதிக்கும் கருவி) பீப் அடித்துக் காட்டிய பிறகே மூடுங்கள்.