நந்தியாவட்டை புழு அந்துப்பூச்சியா மாறுறத வீட்லயே பாக்கணுமா, டப்பாக்குள்ள முதல்ல ஒரு குச்சி வைங்க

காலைல வாசல் தெளிக்கறப்ப நந்தியாவட்டைக்கு கீழ மிளகு கொட்டின மாதிரி கருப்பு உருண்டையா கெடந்தா நேரா மேல பாருங்க. இலை பாதி காணாம போயிருக்கும், ஆனா புழு சட்டுனு கண்ல படாது, விரல் தண்டி இருந்தாலும் இலை பச்சைலயே இருக்கும். வால்ல சின்னக் கொம்பு, தலைக்குப் பின்னாடி நீலமா ரெண்டு கண்ணு. நெஜக் கண்ணு இல்ல, சும்மா பயமுறுத்த. சீண்டினா தலைய உள்ள இழுத்துக்கும், அப்ப அந்தக் கண்ணு மட்டும் பெருசா முழிக்கும். எங்க பாட்டி பாம்புக்குட்டின்னு வெளக்கமாத்த தூக்கிட்டாங்க. கொட்டாது, அரிக்காது, மேல முடியே கெடையாது.

இதான் இங்கிலீஷ்ல ஓலியாண்டர் ஹாக் மாத், அறிவியல் பேரு டாஃப்னிஸ் நெரீ. அரளியும் திங்கும், நெரீங்கற பேரே அரளியோட அறிவியல் பேரான நெரியம்லேர்ந்து வந்ததுதான். கும்பகோணம் பக்கம் எங்க கொல்லைல எனக்கு கெடைச்சதெல்லாம் நந்தியாவட்டைலதான்.

அகலமான டப்பா எடுத்து அடில வண்டல் மண்ணு, அதுமேல காஞ்ச சருகு போடுங்க, வாய வலைத்துணியால கட்டுங்க. எந்த செடில புடிச்சீங்களோ அதே தழைய தெனம் புதுசா போடுங்க, நடுவுல மாத்தாதீங்க. அரளின்னா தொட்டதும் கைய கழுவிடணும், பால் அவ்ளோ விஷம். எறும்பு வராம தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல வைங்க, நம்மூர்ல இத சொல்லவே வேணாம்.

ஒருநாள் திங்கறத நிறுத்திட்டு முதுகு பழுப்பாகி டப்பாவ சுத்தி சுத்தி வரும். சீக்குன்னு நெனச்சுடாதீங்க, கூட்டுப்புழுவாக எடம் தேடுது. சருகுக்குள்ள போய் படுத்துடும், அப்புறம் கெளறாதீங்க. எனக்கு ரெண்டு வாரம் கிட்ட ஆச்சு.

குச்சி மேட்டர் இப்பதான். மொதல் தடவ நான் வழுவழுன்னு பிளாஸ்டிக் டப்பால குச்சியே வெக்காம விட்டுட்டேன், வெளிய வந்த பூச்சி ஏற முடியாம சறுக்கி சறுக்கி விழுந்து, ரெக்கை கசங்கினபடியே காஞ்சு போச்சு, பறக்கவே இல்ல. வந்த ஒடனே அது எதையாவது புடிச்சு ஏறித் தொங்கணும், அப்பதான் ரெக்கைக்குள்ள ரத்தம் ஏறி விரியும். சொரசொரப்பான முருங்கைக் குச்சி ஒண்ணு சாச்சு வைங்க, போதும்.

விரிஞ்சா 10 சென்டிமீட்டர் கிட்ட வரும். கரும்பச்சை, இளம்பச்சை, ரோஸ், வெள்ளைன்னு மிலிட்டரி சட்டை மாதிரி, ஆனா பட்டுல நெய்தது. விளக்கு வெக்கற நேரத்துக்கு துணிய அவுத்துடுங்க, மொதல்ல ரெக்கை மட்டும் நடுங்கும், ஒடம்பு சூடாகணும்ல, அப்புறம் விர்ர்னு ஒரே போக்கா போயிடும்.